இறக்கு என்றால் எந்தப் பக்கம்?

போன மாதம் தர்ஷிகாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. நான் ஓய்வு பெற்றபிறகு என்னுடைய கதிரையில் உட்கார்ந்திருக்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளை அவள். கணினியிடம், எனக்கு ஒரு ஸ்லைடர் செய்து தா என்று எழுதுகிறாள். அது செய்து கொடுக்கிறது. குமிழ் ஓடுகிறது, நிறம் மாறுகிறது, இலக்கம் கூடுகிறது, குறைகிறது. நான் கையில் வைத்திருந்த தேத்தண்ணீர் ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கீழே ஒரு கேள்வி: "அக்கா, உங்கட காலத்தில இதுக்கு எவ்வளவு நாள் மினைக்கெட்டனீங்கள்?" பக்கத்தில் கண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி ஒன்று.

கேள்விக்கு நான் கோபிக்கவில்லை. அந்த மஞ்சள் மூஞ்சிக்குத்தான் கோபித்தேன்.

"நாளை விடு பிள்ளை. உன்ர ஸ்லைடர் வடைக்குத் தாங்குமோ?" என்று பதில் போட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. "அக்கா, விளக்கமா எழுதுங்கோவன், ஒஃபிசில எல்லாருக்கும் காட்டுவம்" என்றாள். கேட்டதற்குப் பிறகு குறை சொல்லக் கூடாது. எழுதுகிறேன்.

ஸ்லைடர் உங்கள் எல்லோருக்கும் தெரியும், பெயர்தான் தெரியாமல் இருக்கும். கைத்தொலைபேசியில் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் விரலால் இழுக்கிறீர்களே, அந்தக் கோடும் அதன்மேல் ஓடுகிற குமிழும்தான் அது. என் உத்தியோகத்தில் பாதி அந்தக் குமிழோடு போனது. கலியாண வீடுகளில் யாராவது "தங்கச்சி எங்க வேலை?" என்று கேட்டால், "கோட்டில ஒரு குமிழை ஓட விடுறன்" என்பேன். "அதுக்கும் படிக்க வேணுமே?" என்று கேட்டவர்கள் உண்டு. படிக்கத்தான் வேண்டும். எங்கள் காலத்தில் தட்டச்சு வகுப்பில் தொடங்கி, ஊரடங்குக்கும் மின்வெட்டுக்கும் நடுவே கணினி வகுப்புக்குத் தாவி, கொழும்பில் ஒரு சோதனை எழுதி, அதில் தேறி, திரும்பித் திருகோணமலைக்கே வந்து சேர்ந்தேன். இந்த ஒரு வசனத்துக்குள் என் இளமை முழுவதும் அடங்கிவிட்டது. அதற்கு மேலே அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

எங்கள் கந்தோர் துறைமுகத்துக்குக் கிட்ட, ஓர் இரும்புக் கடையின் பின்பக்கம். ஆணியும் பூட்டும் வாங்க வந்தவர்கள் வழி தவறி எங்களிடம் வருவார்கள். துறைமுகத்தில் ஓடுகிற யந்திரங்களுக்குத் தொடுதிரை செய்து கொடுப்பது எங்கள் தொழில். பம்பு, பெல்ட், ஐஸ் யந்திரம், எதுவானாலும் விரலால் தொட்டு ஓட்டுகிற மாதிரித் திரையை நாங்கள் எழுதுவோம்.

எங்கள் தலைவர் ஞானசேகரம் சேர். வெள்ளை நீளக்கைச் சேட்டுப் போட்டு வலது கையை மட்டும் மடித்துவிட்டிருப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வாசல் கூட்ட வருகிறவரையும் நீங்கள் என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அவர் வாயில் ஒரு வசனம் இருந்தது. எதைச் செய்துகொண்டு போய்க் காட்டினாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்ப்பார். "நல்லாத்தான் இருக்கு" என்பார். எங்களுக்கு மனம் குளிரும். பிறகு, "ஆனா ஏலாது" என்பார்.

முதன்முதலாக நான் எழுதிய ஸ்லைடரைக் காட்டின அன்று, "மலர், உங்கட தம்ப் எங்க?" என்று கேட்டார். சேர் என்ன கேட்கிறார் என்று விளங்காமல் கட்டைவிரலை நீட்டிக் காட்டினேன். "அது எனக்கும் இருக்கு. திரையில இருக்கிற தம்ப் எங்க?" என்றார். அந்தக் குமிழுக்கு எங்கள் தொழிலில் கட்டைவிரல் என்றுதான் பெயராம். என்னுடையது கடுகளவில் கோட்டின் மூலையில் ஒளிந்துகொண்டிருந்தது. அன்று முழுக்க என்னைக் காண்கிறவர்களெல்லாம் கட்டைவிரலை நீட்டிக் காட்டிவிட்டுப் போனார்கள்.

குமிழை ஓட விடுவது சின்ன வேலை என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் எழுதிப் பார்க்கட்டும். விரல் கண்ணாடியில் படுகிற கணம், நகர்கிற கணம், எடுபடுகிற கணம், மூன்றையும் கணினிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். குமிழின் ஓரத்தில் விரல் பட்டால், அது துள்ளிக்கொண்டு வந்து விரலுக்கு நடுவே நிற்கப் பார்க்கும். நீங்கள் இழுக்கவே இல்லை, வேகம் கூடிவிட்டது! ஆகவே விரல் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளிப் பட்டது என்று முதலே நினைவில் வைத்து, இழுத்து முடியும்வரை அதைக் கழித்துக்கொண்டு வரவேண்டும். பிறகு, மனிதர் யாரும் நேராக இழுப்பதில்லை. யாருடனோ கதைத்துக்கொண்டு இழுப்பார்கள், விரல் கோட்டை விட்டுப் பக்கத்து ஊருக்குப் போய்விடும். குமிழ் அப்போது கையை விட்டுவிடக் கூடாது. பிடித்தால் பிடித்ததுதான், விரல் எடுபடும்வரை கூடவே போகவேண்டும். கடைசியில் விரலை எடுக்கும்போது அது கொஞ்சம் உருளும். அந்த உருளலில் குமிழும் ஒரு படி அசையும். அதையும் அடக்க வேண்டும்.

இவ்வளவையும் அடக்கி, "பாருங்கோ சேர்" என்று கொண்டுபோய் வைத்தேன். சேர் மேசையில் பருப்பு வடைப் பை இருந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தார். கையைத் துடைக்காமல், அதே எண்ணெய் விரலால் என் குமிழைப் பிடித்து இழுத்தார். விரல் வழுக்கியது, குமிழ் நின்ற இடத்தில் நின்றது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏலாது."

"சேர், வடை எண்ணெய்க்கு நான் என்ன செய்யிறது?"

"துறைமுகத்தில எல்லாரும் கை கழுவிப் பொட்டு வைச்சுக்கொண்டே வேலை செய்யினம்?"

அன்றிலிருந்து எங்கள் கந்தோரில் வடைப் பரீட்சை என்று ஒன்று வந்தது. கண்ணுக்குத் தெரிகிற குமிழைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத பெரிய குமிழ் ஒன்றை வைத்தேன். விரல் கிட்டடியில் பட்டாலே பிடித்துக்கொள்ளும். வடை, மீன் பணிஸ், ஒருநாள் சேரின் மனைவி இனிப்பாகக் கிண்டி அனுப்பிய தொதல், எல்லாம் அதில் பூசிப் பார்த்தோம். தொதலில் ஒட்டிக்கொண்ட விரலை எடுக்கப் பட்ட பாடு தனிக் கதை.

இந்தப் பரீட்சையின் உச்சம் ஒரு மான். திருகோணமலை மான்களைப் பற்றி வெளியூர்க்காரருக்குச் சொல்ல வேண்டும், எங்கள் ஊரில் அவை காட்டில் இல்லை, வீதியில் நிற்கும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களோடு நிற்கும், யாராவது சாப்பாட்டுப் பார்சலைக் கீழே வைத்தால் அவிழ்க்கவும் தெரியும். ஒருநாள் ஒன்று இரும்புக் கடைக்குள்ளால் நடந்து எங்கள் வாசலுக்கு வந்து, மேசையில் சாய்த்து வைத்திருந்த திரையை ஒரு நக்கு நக்கியது. வடை உப்பு அப்படி இழுத்திருக்கிறது. குமிழ் கீழேயிருந்து உச்சிக்குப் போய் நின்றது. சேர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இது ஏலும்" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை முதலில் வாங்கியது நானல்ல, அந்த மான்தான். இன்றைக்கும் எனக்கு அதில் ஒரு சின்ன எரிச்சல் உண்டு.

இனி அந்தக் கப்பல் கதைக்கு வருகிறேன்.

சீமெந்து அரைப்பதற்கான கறுப்புக் கல் வந்து இறங்குகிற ஒரு தனியார் இறங்குதுறைக்கு நாங்கள் திரை செய்து கொடுத்தோம். கிரேன் கப்பலின் வயிற்றிலிருந்து கல்லை அள்ளி, கரையில் நிற்கிற பெரிய புனலுக்குள் கொட்டும். புனலின் அடியால் கல் பெல்ட்டில் விழுந்து களஞ்சியத்துக்கு ஓடும். பெல்ட் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதற்கு முந்தி ஓர் இரும்புத் தடி இருந்தது. அதை எடுத்துவிட்டு என் ஸ்லைடரை வைத்தார்கள். நெட்டுக்கு நிற்கிற கோடு, உச்சியில் ஏற்று என்றும் அடியில் இறக்கு என்றும் எழுத்து. அந்தச் சொற்கள் என்னுடையவை அல்ல. கம்பனியின் கொழும்புத் தலைமையகம் அங்கீகரித்து அனுப்பிய சொற்கள், மாற்றக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு.

புதுத் திரையோடு முதல் கப்பல் வந்தது. அடுத்த நாள் காலையிலேயே மனேஜரின் தொலைபேசி.

"உங்கட சாமான் எங்களை நாறடிக்குது. உடன வாங்கோ."

நானும் சேரும் போனோம். சேரின் கையில் வடைப் பை. கரை முழுக்கக் கறுப்புக் கல் சிந்திக் கிடந்தது. பெல்ட் திடீர் திடீரென்று படுத்துவிடுகிறதாம், கிரேன் கொட்டுவதை நிறுத்துவதற்குள் புனல் நிரம்பி வழிகிறதாம். கடைசியாக வழிந்தபோது கீழே கூட்டிக்கொண்டு நின்றவர் பாய்ந்து விலகியதால் தலை தப்பியது. என் குமிழால் ஒரு மனிதருக்கு ஏதும் ஆகியிருந்தால், நான் என்ன செய்திருப்பேன்?

பெல்ட் அறையில் இருந்தவர் நிஸ்தார், கிண்ணியா ஆள். முப்பத்தைந்து வயது இருக்கும். அந்த வேலைக்கு வந்து கொஞ்சக் காலம்தான், நிரந்தரமாக்குவார்களா என்று காத்திருந்த நேரம். கண் சிவந்து போய் நின்றார். மனேஜர் எங்களுக்கு முன்னாலேயே சொன்னார், "ஒண்டில் உங்கட திரை பிழை. இல்லையெண்டா இந்தாள் வேணுமெண்டு செய்யுது. திரை சரியெண்டு நீங்கள் சொன்னா, கப்பல் வெளிக்கிடேக்க இவரும் வெளிக்கிட வேண்டியதுதான்."

இப்போது பாருங்கள் என்னுடைய நிலையை. என் ஸ்லைடர் பிழையில்லை என்று நான் நிரூபித்தால் ஒரு மனிதரின் சோறு போகும். பிழை என்றால் எங்கள் கந்தோரின் பெயர் போகும். சேரைப் பார்த்தேன். அவர் வடையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

சோதித்தோம். சீமெந்துத் தூசி படிந்த விரல், வியர்வை விரல், வடை விரல். ஓரத்தில் பிடித்தேன், துள்ளவில்லை. கோட்டை விட்டு விரலை வெளியே கொண்டுபோனேன், கூடவே வந்தது. விரலை எடுத்தேன், அசையவில்லை. தங்கக் குமிழ். வேறு நாளென்றால் துள்ளிக் குதித்திருப்பேன். அன்றைக்கு அது ஒவ்வொரு பரீட்சையிலும் தேறத் தேற நிஸ்தாரின் முகம் கறுத்துக்கொண்டு போனது, என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

கரைவேலையைப் பார்க்கிற சூப்பவைசர் தங்கராசா அண்ணரைக் கூப்பிட்டார்கள். கிளிவெட்டி ஆள், தொண்டை நல்ல தொண்டை. கையில் பிடிக்கிற வோக்கி-டோக்கியில் உத்தரவு கொடுப்பவர் அவர்தான். வந்ததும் வராததுமாக வெடித்தார்.

"நான் இறக்கு, இறக்கு எண்டு குரல்வளை கிழியக் கத்துறன் சேர். இந்தாள் இறக்கினாத்தானே!"

"இறக்கினன்" என்றார் நிஸ்தார்.

"எங்க இறக்கினனீர்?"

"நீங்க இறக்கு எண்டீங்க. நான் இறக்கினன்."

"இறக்கியிருந்தா ஏன் கல்லு அப்பிடியே கிடக்கு?"

"எனக்கென்ன தெரியும்? சொன்னதைத்தான் செஞ்சன். அல்லாஹ் அறிய இறக்கினன்."

"பாத்தீங்களோ வாயை!" என்றார் மனேஜர். "ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணலாம்."

இரண்டு பேரும் உண்மை பேசுகிறவர்களின் முகத்தோடுதான் சத்தம் போட்டார்கள். இறக்கு, இறக்கினன், இறக்கேல்லை, இறக்கினன்! எனக்குத் தலை சுற்றியது. சேர் மெதுவாக, "மலர், நீங்கள் ஒருக்கா அந்தக் கதிரையில இருங்கோ. தங்கராசா, நீங்கள் கீழ போய் வேலையைத் தொடங்குங்கோ. வழமையா என்ன சொல்லுவீங்களோ அதைச் சொல்லுங்கோ. புனல் பக்கம் மட்டும் ஆரையும் விடாதேங்கோ" என்றார்.

இருந்தேன். கிரேன் இரைகிறது, பெல்ட் இரைகிறது, வோக்கியும் கரகரக்கிறது. அந்த இரைச்சலில் ஒரு சொல்லுக்கு மேலே காதில் ஏறாது. கிரேன் ஒரு பெரிய அள்ளு அள்ளிக்கொண்டு வந்து புனலில் கொட்டியது. வோக்கி வெடித்தது.

"இறக்கு! இறக்கு!"

என் விரல் குமிழைப் பிடித்தது. கண்ணுக்கு முன்னால் பெரிய எழுத்தில் இறக்கு என்று இருந்தது. இழுத்தேன். ஐயோ, என்ன சுகமாக வழுக்கிக்கொண்டு வந்தது! பெல்ட் பெருமூச்சு விட்டுப் படுத்துவிட்டது. கண்ணாடிக்கு அங்காலே புனல் வழியத் தொடங்கியது.

"அடி இறக்கு எண்டனான் எல்லோ!" என்று வோக்கி கத்தியது. கதிரையில் இருப்பது நிஸ்தாரா நானா என்பதை அந்தச் சூட்டில் அவர் மறந்துவிட்டார் போல. அடி என்று அவர் சொன்னது என்னையா, கப்பலின் அடியையா என்று இன்று வரைக்கும் கேட்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனேஜர் பக்கத்தில் நிற்கிறார், கல் சிந்துகிறது, நான் கதிரையில் இருந்து விழுந்து விழுந்து சிரிக்கிறேன். துறைமுகத்தில் இறக்கு என்றால் ஒரே ஒரு கருத்துத்தான், கப்பலில் இருக்கிறதைக் கரையில் இறக்கு. கெதியாக இறக்கு, பெல்ட்டை விரட்டு என்று தங்கராசா அண்ணர் கத்துகிறார். திரையில் இறக்கு என்றால் வேகத்தை இறக்கு. அவர் ஓடச் சொல்கிற சொல்லும், நான் படுக்க வைக்கிற சொல்லும் ஒன்று. போதாததற்குப் புனல் வெறுமையாகிற நேரங்களில், "கொஞ்சம் வேகத்தை இறக்கு" என்றும் அவரே சொல்லுவாராம், அதிலும் இறக்கு மட்டும்தான் காதில் விழும். பழைய இரும்புத் தடியில் எழுத்தே இல்லை, அதனால் பிழை விடவும் வழியில்லை. என்னுடைய குமிழ் எவ்வளவு திறமாகச் செய்யப்பட்டிருந்ததோ, அவ்வளவு திறமாகப் பெல்ட்டைப் படுக்க வைத்திருக்கிறது.

சிரித்து முடித்துப் பெல்ட்டைத் திரும்ப ஓடவிட்டு, விளக்கிச் சொன்னேன். நிஸ்தார் சிரிக்கவில்லை. "நான் முதலே சொன்னனே" என்றார். எனக்கு உடனே வெட்கமாகப் போய்விட்டது. அவர் காலையிலிருந்து அந்த ஒரு வசனத்தைத்தானே சொல்லிக்கொண்டு நின்றார், நாங்கள் எல்லோரும் அதைக் காதில் வாங்கித் திமிர் என்று நினைத்தோம்.

மனேஜர் விடவில்லை. "சரி, சொல்லை மாத்துங்கோ. ஆனா கொழும்பில அங்கீகாரம் எடுக்க வேணும். அது வரக் கப்பல் ரெண்டு போயிடும். அதுவரைக்கும் இந்தாளை இதில இருத்த எனக்குப் பயம்."

சேர் வடைக் கையைத் தன் மடித்த சேட்டுக் கையில் துடைத்தார். அவர் அப்படித் துடைத்து நான் கண்டது அன்று ஒருநாள்தான்.

"சொல்லை மாத்த அங்கீகாரம் வேணும். ஓம். படம் வைக்க வேணுமோ?"

மனேஜர் யோசித்தார். "படத்தைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை."

"எழுத்து எவ்வளவு பெரிசா இருக்க வேணும் எண்டு?"

"அதுவும் எழுதேல்லை."

"மலர்" என்றார் சேர். "வேகத்துக்கு என்ன படம் போடுவம்?"

நான் யோசிக்கவே இல்லை. "மான்" என்றேன். "அது ஏலும் எண்டு நீங்களே சொன்னனீங்கள்."

அங்கேயே மடிக்கணினியை விரித்து வரையத் தொடங்கினேன். கோட்டின் அடியில் ஓர் ஆமை, உச்சியில் ஒரு மான். ஆமை சுகமாக வந்தது. மான் பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. மேலே ஏறி வந்த தங்கராசா அண்ணர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது ஆடெல்லோ?" என்றார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏலாது. கொம்பு வையுங்கோ" என்றார் சேர், தலையைச் சாய்த்து. "புள்ளியும்" என்றார் நிஸ்தார். அன்று காலைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் புதுச் சொல் அதுதான். புள்ளி வைத்தேன். ஏற்றும் இறக்கும் சட்டப்படி அந்தந்த இடத்திலேயே இருந்தன, எறும்பு வாசிக்கிற அளவில்.

மறுபடி நிஸ்தார் கதிரையில் இருந்தார். மனேஜர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். கிரேன் கொட்டியது. வோக்கி ஒருதரம் செருமியது. தங்கராசா அண்ணருக்கு வெட்கம் போல. பிறகு துறைமுகமே கேட்கிற மாதிரி வந்தது.

"மான்! மான்!"

நிஸ்தாரின் விரல் மேலே போனது. பெல்ட் பறந்தது. புனலில் கல் மளமளவென்று இறங்கியது. கப்பலில் நின்ற வெளிநாட்டு மாலுமிகள் இரண்டு பேர் மானைத் தேடிக் கரையை எட்டிப் பார்த்தார்கள்.

"ஆமை... ஆமை..."

விரல் கீழே வந்தது. ஒரு கல் சிந்தவில்லை. கடைசி அள்ளுவரை மனேஜர் அசையாமல் நின்றார். பிறகு கையை அவிழ்த்து, "சரி. கப்பல் போகட்டும். ஆள் நிக்கட்டும்" என்றார். நிஸ்தார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியது. நான் அதைச் சீமெந்துத் தூசியின் தலையில் போட்டுவிட்டேன்.

நாங்கள் வெளிக்கிட, அவர் பின்னால் ஓடி வந்தார். காலையில் நான் அவருக்கு மிஸ்.

"தாத்தா, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

கிண்ணியாவில் தாத்தா என்றால் கூடப்பிறந்த அக்கா. தெரிந்திருந்தும், ஒரு கணம் என் தலைமயிரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சேர் சிரிப்பை அடக்க வடைப் பைக்குள் முகத்தை விட்டார்.

கொழும்பின் அங்கீகாரம் பிறகு எப்போதாவது வந்ததா என்று எனக்குத் தெரியாது. யாரும் கேட்கவில்லை. ஞானசேகரம் சேர் இப்போது இல்லை. அவருடைய செத்தவீட்டில் வந்தவர்களுக்கு வடை கொடுத்தார்கள், நான் கையைத் துடைக்காமல் நின்றேன்.

இவ்வளவையும் எழுதி முடித்து அனுப்ப இருந்த நேரத்தில்தான் தர்ஷிகாவின் தொலைபேசி வந்தது. அவளுடைய அரை நொடி ஸ்லைடரை அதே இறங்குதுறைக்குப் புதுத் திரையில் போட்டுக் கொண்டுபோயிருக்கிறாள். பிள்ளை அழாத குறை.

"அக்கா, எல்லாம் வடிவா வேலை செய்யுது. ஆனா அங்க சூப்பவைசர் ஒராள், கிண்ணியா, நரைச்ச தாடி. அவர் தலையைச் சரிச்சுப் பாத்திட்டு, நல்லாத்தான் இருக்கு மகள், ஆனா ஏலாது எண்டிட்டார். மான் எங்க எண்டு கேக்கிறார்!"

"பிறகு?"

"விளங்கேல்லை எண்டனான். போய் உங்கட கந்தோர்த் தாத்தாட்டக் கேளுங்க எண்டார். ஒஃபிஸ் முழுக்கக் கேட்டிட்டன் அக்கா, எங்கட ஒஃபிசில தாத்தா எண்டு ஒருத்தரும் இல்லையாம். ஆர் அக்கா அந்தக் கிழவன்?"

நான் தொலைபேசியை வைத்துவிட்டு, அவளுக்கு ஒரேயொரு பதில் அனுப்பினேன். கண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி.